நாலு மணிக் கதிரையும் ஒரு சோடிப் பெடலும்

அரச சேவையில் இருந்த முப்பத்துநான்கு வருடத்தில் நான் எத்தனை சைக்கிள்களைக் கழித்தேன் என்பது எனக்கே தெரியாது. ஓடிக் கழித்ததைச் சொல்லவில்லை. வருட முடிவில் பொருட் கணக்கெடுப்புச் சபை என்று ஒன்று கூடும். மூன்று உத்தியோகத்தர்கள் களஞ்சிய அறைக்குள் போய், சுவரில் சாத்தியிருக்கும் சைக்கிள்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, "பாவனைக்கு உதவாதது" என்று எழுதிக் கையொப்பம் வைப்போம். வெளிக்கள உத்தியோகத்தர்களுக்குப் புதுச் சைக்கிள் கொடுக்கும்போது "இவர் சைக்கிள் ஓடத் தெரிந்தவர்" என்று அத்தாட்சிப்படுத்த ஒரு படிவம் இருந்தது. அதிலும் என் கையொப்பம்தான். அந்தப் படிவத்தை வரைந்தவனும் நானே. எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது என்பதை மட்டும் அறுபத்துமூன்று வயது வரைக்கும் என் மனைவியைத் தவிர ஒருவருக்கும் நான் அத்தாட்சிப்படுத்தவில்லை.

யாழ்ப்பாணத்தில் இது சின்ன விஷயம் அல்ல. இங்கே எண்பது வயது ஆச்சிமார் கரியரில் வாழைக்குலை கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறார்கள். குருக்கள் வேட்டியை மடித்துக்கொண்டு போகிறார். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் றோட்டில் நடப்பவனைத்தான் எல்லோரும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஓடத் தெரியாத ஆண்பிள்ளை என்றால் ஏதோ வருத்தக்காரன், நோயாளி என்று முடிவு கட்டிவிடுவார்கள். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சந்தர்ப்பம் அமையவில்லை, அவ்வளவுதான். சிறு வயதில் அண்ணை ஓட, நான் பாரில் இருந்தேன். கொழும்பில் வேலை பார்த்தபோது பஸ் ஓட, நான் தொங்கினேன். மாற்றலாகி ஊருக்கு வந்தபின் கந்தோர் ஜீப்பைச் சாரதி ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். ஓய்வு பெற்றபின் மனைவி ஸ்கூட்டர் ஓட, நான் பின்னால் இருந்தேன். வேறொருவர் ஓட்டும்போது இருந்த இடத்தில் இருந்து வழி சொல்வதில் எனக்குள்ள அனுபவம் வட மாகாணத்தில் பலருக்கு இராது.

பின்னால் இருந்து நான் போகும் இடம் ஒன்றே ஒன்றுதான். பிற்பகல் நாலு மணிக்குக் குருநகரில் சீட்டு. முந்நூற்றிநாலு என்கிற ஆட்டம். நாலு பேர், இரண்டு சோடி, எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். இடம், கடற்கரையோரம் சம்மாட்டியார் ஒருவர் வலை வைக்கிற கொட்டில். சம்மாட்டி என்றால் படகுகளுக்குச் சொந்தக்காரர். இவருக்கு மூன்று படகு. இப்போது மகன்மார் கடலுக்குப் போக, இவர் கரையில் இருந்து அவர்கள் விடும் பிழைகளைச் சொல்லுகிறார். அவர்தான் என் கூட்டாளி. எதிர்ச் சோடி, ஓய்வுபெற்ற ஒரு தபாலதிபரும் மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கும் ஒருவரும். காசுப் பந்தயம் கிடையாது. தோற்ற சோடி தேத்தண்ணி ஊற்ற வேண்டும். ஏழு வருடமாக இப்படி நடக்கிறது.

கொட்டில் சுவரில் ஓர் ஆணியில் நான் எழுதிக் கொடுத்த விதிமுறை தொங்குகிறது. பதினொரு பந்தி. இந்தக் கதைக்கு ஏழாம் பந்தி மட்டும் போதும். "நாலேகால் மணிக்குப் பின் வெறுமையாகக் காணப்படும் கதிரையில், அவ்வேளை கொட்டிலில் நிற்கும் எவரும் அமரலாம். அவ்வாறு அமர்ந்தவரை அன்றைய ஆட்டம் முடியும்வரை எழுப்பலாகாது." தபாலதிபர் தபால் போலவே பிந்தி வந்துகொண்டிருந்த காலத்தில், அவரை மனதில் வைத்து எழுதியது. சட்டம் எழுதுகிறவனுக்குத் தன்னுடைய கழுத்தின் அளவு ஞாபகம் வருவதில்லை.

என் மனைவி கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒருநாள் காலைச் சாப்பாட்டு நேரம், அடுத்த மாதம் முதலாம் திகதியில் இருந்து தான் வயலின் வகுப்புக்குப் போகப் போவதாகச் சொன்னாள். வகுப்பு திங்கள் முதல் வெள்ளி வரை, பின்னேரம் நாலு மணிக்கு, நல்லூர்ப் பக்கம். நாங்கள் இருப்பது அரியாலை. குருநகர் மேற்கே, நல்லூர் வடக்கே. கணக்கு எனக்கும் விளங்கியது.

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"நாப்பது வருஷம் மற்றவையின்ரை பிள்ளையளுக்குப் படிப்பிச்சன். ஏழு வருஷம் உங்களை நேர்சரிப் பிள்ளை மாதிரிக் கொண்டுபோய் விட்டு ஏத்தினன். இனி நான் படிக்கப்போறன். நீங்கள் எப்பிடியாவது போங்கோ."

எப்படியாவது என்பதில் என்னென்ன அடங்கும் என்று ஆராய்ந்தேன். ஒழுங்கை முகப்பில் நிற்கும் ஓட்டோக்காரர் அந்த நேரம் ரியூசன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரிகிறவர். பஸ் நேர அட்டவணையைத் தன் விருப்பப்படி வியாக்கியானம் செய்கிறது. நடப்பதென்றால் வெயிலுக்குள் இரண்டு மைலுக்கு மேல், போய்ச் சேரும்போது கையில் சீட்டுப் பிடிக்கத் தென்பு இராது. இந்த ஆராய்ச்சி முடிய முன்னரே அன்று பின்னேரம் கொட்டிலில் காரியம் கெட்டுப்போனது.

இரண்டு கிழமையாகப் புதியவர் ஒருவர் அங்கே வந்து, கவிழ்த்த மீன்பெட்டியில் இருந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களை விட இளையவர், வயிறு இல்லாதவர், சொந்த மோட்டார்சைக்கிள் உள்ளவர். என் வாகனப் பிரச்சினையை நான் சொல்லி முடிக்க, மிகவும் பணிவாக, "சேர் வர ஏலாத நாளையிலை நான் இருக்கிறன்" என்றார். அந்தப் பணிவுதான் என்னைக் கெடுத்தது. யோசிக்காமல், சைக்கிளில் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆர்மோனியக்காரர் சீட்டைக் கலைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஏழு வருடத்தில் என்னைச் சைக்கிளோடு கண்டவர் அங்கே ஒருவரும் இல்லை. சம்மாட்டியார்தான் பேசினார்.

"வாறதெண்டால் வாங்கோ அண்ணை. ஆனா ஏழாம் பந்தி உங்கடை கையாலை எழுதினது."

முதலாம் திகதிக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

வீட்டுப் பின் விறாந்தையில் மனைவியின் பழைய சைக்கிள் நின்றது. பெண்கள் ஓடுகிற, நடுவில் பார் இல்லாத சைக்கிள். நடைமுறை தெரியாமல் எதிலும் இறங்குகிறவன் அல்ல நான். இணையத்தில் தேடியபோது, வயது வந்தவர்கள் பழகுவதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் இரண்டு பெடலையும் கழற்ற வேண்டும். சீற்றைத் தாழப் பதிக்க வேண்டும். இரண்டு காலாலும் நிலத்தை உந்தி உந்திப் போய்ச் சமநிலை பழக வேண்டும். சமநிலை வந்தபின்தான் பெடல். எனக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது. உத்தியோகத்திலும் முதலில் தகுதிகாண் காலம், பிறகுதான் அதிகாரம்.

வலப்பக்கப் பெடல் ஸ்பானருக்கு மரியாதை கொடுத்துக் கழன்றது. இடப்பக்கம் கழலவில்லை. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு பொருட்களுக்கு ஒரே நடைமுறை என்பது என் வாழ்நாள் கொள்கை. ஆகவே வலதை எந்தப் பக்கம் திருப்பினேனோ அதே பக்கம் இடதையும் திருப்பினேன். தேங்காயெண்ணெய் விட்டேன். கொதிநீர் ஊற்றினேன். கடைசியில் ஸ்பானரின் வாலில் ஒரு தண்ணீர்க் குழாயைச் செருகி, மதிலைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றேன். ஏதோ ஒன்று முறிகிற சத்தம் கேட்டது. ஸ்பானர் வந்தது. பெடல் ஒரு பக்கம் சரிந்து தொங்கியது, ஆனால் கழலவில்லை.

உருட்டிக்கொண்டு சந்தியில் இருக்கிற சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் குந்தியிருந்து பார்த்தார். சைக்கிளைப் பார்த்ததை விட என் கையிலிருந்த குழாயைத்தான் கூடுதலாகப் பார்த்தார்.

"ஐயா, இடது பக்கம் மறுவளம் எல்லோ. கழட்டுறம் எண்டு இறுக்கியிருக்கினம்."

ஏன் மறுவளம் என்று கேட்டேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரை வெட்டினால், மிதிக்க மிதிக்க இடப்பக்கப் பெடல் தானாகவே கழன்று விழுந்துவிடும் என்று விளக்கினார். என் சேவைக் காலத்தில் எத்தனையோ சுற்றறிக்கை படித்திருக்கிறேன். ஒன்றுகூட, வரப்போகும் பிழையை முன்கூட்டியே நினைத்துப் பார்த்து ஒரு பக்கத்துக்கு மட்டும் விதியைத் திருப்பி எழுதவில்லை. யாரோ பெயர் தெரியாத ஒருவன் செய்திருக்கிறான். அவனுக்குப் பதவியுயர்வு கிடைத்திருக்காது என்பது என் துணிபு.

"ஆர் இதை இறுக்கினது?" என்று கடைக்காரர் கேட்டார். ஒருவர் என்றேன். "ஆரெண்டாலும் நல்ல பெலசாலி" என்றார்.

பெடல் பூட்டுகிற இரும்புக் கையை இடப்பக்கம் புதிதாக மாற்றினார். பெடல் பூட்ட வெளிக்கிட்டபோது, இப்போதைக்கு வேண்டாம் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பெடல் இல்லாமல் எப்படி ஓடுவது என்று கேட்டார். இது முதலாம் கட்டம் என்றேன். கொஞ்ச நேரம் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஐயாவுக்கு ஓடத் தெரியாதோ?" என்றார். உலகத்தில் இரண்டாவது ஆள். ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். டொக்டரைப் போலத் தானும் ஆட்களின் குறையை வெளியே சொல்வதில்லை என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் ஒழுங்கை போய் முடிகிற இடத்தில் கடல்நீரேரி. அதற்கு முன்னால் பெரிய தரவை, ஆடுமாடு மேய்கிற வெளி. காலை ஆறு மணிக்கு அங்கே போய், இரண்டு காலாலும் நிலத்தை உதைத்து உதைத்துப் போனேன். ஆடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டுப் பார்த்தன. மனைவி ஸ்கூட்டரில் வந்து, தரவை ஓரத்தில் இருந்து புள்ளி போட்டாள். முதல் நாள் பத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் வந்ததற்காம். பதின்மூன்றாம் நாள், இரண்டு காலையும் தூக்கியபடி ஒரு பனையிலிருந்து அடுத்த பனைவரை போனேன். திரும்பிப் பார்த்தபோது அவள் கைதட்டவில்லை, ஏழு என்று விரலால் காட்டினாள். அவளிடம் படித்த பிள்ளைகள் எந்த அளவுக்கு நடுங்கியிருப்பார்கள் என்று அன்றுதான் விளங்கியது.

சமநிலை வந்துவிட்டது. இனிப் பெடல் தெரிவு செய்ய வேண்டும். பழையதில் இடப்பக்கம் முறிந்துவிட்டது, பெடல் சோடியாகத்தான் வாங்க வேண்டும்.

சைக்கிள் ஓடுகிற ஊரில் பெடலைப் பற்றி ஒருவரும் யோசித்ததில்லை. சைக்கிளோடு வந்ததை மிதிக்கிறார்கள். நான் அப்படி விடமாட்டேன். எந்தக் கொள்வனவுக்கும் மூன்று மாதிரி வேண்டும், விவரக்குறிப்பு வேண்டும். றப்பர் செருப்புக்கும் வெறுங்காலுக்கும் ஒரே மாதிரிப் பிடிமானம் தர வேண்டும், இடுப்பில் கட்டும் சாரத்தின் கரையை இழுக்கக் கூடாது, நீரேரி உப்புக்காற்றுக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினேன். மனைவி வாங்கிப் படித்துவிட்டு, மாப்பிள்ளை பார்த்தபோதுகூடத் தன் தகப்பன் இவ்வளவு கேட்கவில்லை என்றாள்.

முதலாவது மாதிரி கடைக்காரருடையது. றப்பர்க் கட்டை பதித்த வழமையான பெடல். எல்லோரும் இதில்தான் ஓடுகிறார்கள் என்றார். எல்லோரும் என்பது ஒரு தகைமை அல்ல என்று அவருக்குச் சொன்னேன். இரண்டாவது மாதிரி கனடாவில் இருந்து வந்தது. மகன், தகப்பன் சைக்கிள் பழகுகிறான் என்று தாய் மூலம் அறிந்து, ஊருக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்து அனுப்பியிருந்தான். நல்ல சிவப்பு, அலுமினியம், மேற்பரப்பு முழுவதும் சின்னச் சின்ன ஆணிகள். மலையில் இருந்து சைக்கிளில் குதிக்கிறவர்கள் பாவிப்பதாம். குடாநாட்டில் மலை இல்லை என்பது பையனுக்கு மறந்துவிட்டது போலும்.

மூன்றாவது மாதிரி எனக்குத் தற்செயலாகக் கிடைத்தது. கொட்டில் வாசலில் நிற்கும் சைக்கிள்களை ஏழு வருடமாகக் கடந்து போயிருக்கிறேன், அவற்றின் காலைப் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். கடற்றொழிலாளரின் சைக்கிள்கள். அநேகமாக எல்லாவற்றிலும் பெடலைச் சுற்றிப் பழைய வலைக் கயிறு வரிந்து கட்டியிருந்தது. பொதுவான ஆர்வத்தில் கேட்பது போலச் சம்மாட்டியாரிடம் கேட்டேன்.

"கடலிலை நிண்டு வந்த காலுக்கு றப்பர் வழுக்கும், இரும்பு குத்தும். கயிறுதான் பிடிக்கும்" என்றார். பிறகு, "ஏன் கேக்கிறியள்?" என்றார். சும்மா என்றேன்.

மதிப்பீட்டில் கயிறு முதலிலேயே விழுந்தது. தயாரிப்பாளர் இல்லை, உத்தரவாதம் இல்லை, மாதிரி இலக்கம் இல்லை. றப்பருக்கு எதிராகச் சொல்ல ஒன்றும் இல்லை, அதனாலேயே அது எனக்குப் பிடிக்கவில்லை. வெளிநாட்டு நன்கொடையை மறுப்பதற்கு வலுவான காரணம் வேண்டும், அந்தச் சிவப்பும் அழகாய் இருந்தது. கடைக்காரர் அதைப் பூட்டினார். சீற்றையும் நாலு விரலளவு உயர்த்திவிட்டார். பதிந்த சீற்றில் மிதித்தால் முழங்கால் போய்விடும் என்றார். அந்த நாலு விரலின் பலன் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"முள்ளுக்கரண்டியிலை கால் வைக்கப் போறியள்" என்றாள் மனைவி.

வைத்தேன். பிடிமானத்தில் குறை சொல்ல முடியாது. ஆணிகள் என் றப்பர்ச் செருப்பை இறுகப் பிடித்துக்கொண்டன. நான் விழப்போய்க் காலை எடுத்தபோது கால் வந்தது, செருப்பு வரவில்லை. வெறுங்காலை நெருஞ்சியில் ஊன்றினேன். அந்த நோவில் துள்ள, பெடல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து முழங்காலுக்குக் கீழே கடித்தது. ஒழுங்கான வரிசையில், சம இடைவெளியில், நாலு துளை. கோவையில் போடுவதற்குத் தாளில் துளையிட்டது போல இருந்தது. மனைவி மருந்து பூசிக்கொண்டே, இனி என்னை நூலில் கோத்து அலுமாரியில் வைக்கலாம் என்றாள். சாரத்தின் கரையும் கிழிந்திருந்தது. சிவப்புப் பெடல் இப்போது ஷோகேசில், மகன் போட்டிகளில் வென்ற கிண்ணங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்து றப்பர். இரண்டு நாள் நன்றாகவே போனது. மூன்றாம் நாள் விடியமுன் மழைத் தூறல். தரவைப் புல்லில் நனைந்த செருப்பு, புது றப்பரில் சவர்க்காரம் போல வழுக்கியது. இருந்த துளைகளுக்கு மேலேயே அடி விழுந்தது. கடைக்காரரிடம் போய் முறையிட்டேன். புதிது அப்படித்தான், தேயத் தேயப் பிடிக்கும் என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். ஆறு மாதம் என்றார். எனக்கு இருந்தது மூன்று நாள்.

அன்று முற்பகல் ஓட்டோ பிடித்துக் குருநகர் போனேன். மடியில் ஒரு பொலித்தீன் பையில் அந்த இரண்டு றப்பர்ப் பெடலும் இருந்தன. சம்மாட்டியார் கொட்டிலில் தனியே இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். சீட்டு நேரம் தவிர்ந்த நேரத்தில் நான் அங்கே போனதில்லை. பையை அவர் முன்னால் வைத்தேன். அவர் பெடல்களை எடுத்துப் பார்த்துவிட்டு என் காலைப் பார்த்தார். சாரத்தை இறக்கி மறைத்தேன், பிந்திவிட்டது.

"எனக்கு ஓடத் தெரியாது. இப்ப மூண்டு கிழமையாத்தான் பழகிறன்" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்து, அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. மூலையில் கிடந்த பழைய கயிற்றுச் சுருளை இழுத்து, உப்பிலும் வெயிலிலும் கிடந்து சொரசொரத்துப்போன ஒரு துண்டை வெட்டி, முதலாவது பெடலில் சுற்றத் தொடங்கினார். நாலைந்து சுற்றுக்குப் பிறகு, கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு நீந்தத் தெரியாது, அண்ணை."

நாற்பது வருடம் கடலுக்குப் போன மனிதர். நான் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். விழுந்திருந்தால்?

"விழேல்லை" என்றார்.

குறுக்கும் நெடுக்கும் வரிந்து, முனையை உள்ளே செருகி, பல்லால் கடித்து இறுக்கினார். இரண்டாவது பெடலை எடுத்தபோது எனக்கு ஞாபகம் வந்தது. அது இடப்பக்கப் பெடல், மறுவளமாகச் சுற்ற வேண்டாமா என்று கேட்டேன். புதிதாகக் கற்ற விதியைப் பிரயோகிக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

"கயித்துக்கு இடம் வலம் தெரியாது, அண்ணை."

வெளிக்கிடும்போது, ஏழாம் பந்தியில் ஒரு திருத்தம் செய்யலாமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். திருத்தினால் ஏன் என்று மற்றவர்கள் கேட்பார்கள், இருக்கிறபடி இருக்கட்டும் என்றார். நியாயம்தான்.

கயிறு பிடித்தது. செருப்புக்கும் பிடித்தது, வெறுங்காலுக்கும் பிடித்தது, நனைந்தும் பிடித்தது. தரவையை இரண்டு நாளில் பதினாறு தடவை சுற்றினேன். ஒரே ஒரு பிரச்சினை மிஞ்சியது. பெடல் இல்லாமல் பழகிய காலத்தில் நிற்பதற்கு இரண்டு காலையும் ஊன்றினேன். இப்போது சீற் உயர்ந்துவிட்டது, கால் எட்டாது. ஒரு பக்கம் சரித்து இறங்குகிற வித்தை வரவில்லை. ஆகவே நிற்பதற்கு எனக்கு ஒரு நிலையான பொருள் வேண்டும். தரவையில் பனை இருந்தது, மதில் இருந்தது, மனைவி இருந்தாள். கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மின்கம்பம் இருப்பதை முன்னரே பார்த்து வைத்திருந்தேன். பிறேக்கைப் பிடித்து, கம்பத்தைக் கட்டிப்பிடிப்பது திட்டம்.

முதலாம் திகதி. மூன்று முப்பத்தைந்துக்கு மனைவி வயலின் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு, என்னைக் கேற்றடியில் பிடித்துத் தள்ளிவிட்டாள்.

"விழுந்தா ஃபோன் எடுங்கோ. விழாட்டி எடுக்காதேங்கோ, வகுப்பிலை இருப்பன்."

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதம். அரியாலையில் இருந்து குருநகர் போகிறவனுக்கு அந்தக் காற்று நேரே நெஞ்சில் விழும். நீரேரிக் கரையால் போனேன். நடந்து போன ஒருவர் என்னை முந்தினார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவர் வேகமாக நடக்கிறவர். முன்பு என்னோடு வேலை செய்த ஒருவர் எதிரே வந்து, "என்ன சேர், சைக்கிளிலை?" என்று கேட்டார். தலையைத் திருப்பினால் சைக்கிளும் திரும்பும், ஆகவே நேரே றோட்டைப் பார்த்தபடி ஓம் என்றேன். நான் பெருமைக்காரன் என்று அவர் நினைத்திருப்பார். அது புதிதல்ல. பாதி வழியில் மாடுகள் குறுக்கே படுத்திருந்தன. ஒரு மதிலில் சாய்ந்து நின்று, அவை எழும்பும்வரை பார்த்திருந்து, அதே மதிலை உதைத்துப் புறப்பட்டேன். அதில் எட்டு நிமிடம் போனது. மாடுகளுக்கு ஏழாம் பந்தி பொருந்தாது.

கொட்டில் ஒழுங்கைக்குள் திரும்பும்போது மாதா கோயில் மணிக்கூட்டில் நாலு பதினேழு.

கம்பத்தைத் தேடினேன். கம்பம் இருந்தது. அதைச் சுற்றிப் பழுது பார்க்க ஒரு படகைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கட்டிப்பிடிக்க இடமில்லை. கொட்டில் வாசலைக் கடந்து போனேன். கடக்கும்போது உள்ளே பார்த்தேன். என் கதிரையில் வங்கி முகாமையாளர், கையில் எட்டுச் சீட்டையும் விசிறி போல விரித்துப் பிடித்தபடி. எதிரே சம்மாட்டியார், முகம் தொங்கிப்போய். அவர் என்னைக் கண்டார். நான் போய்க்கொண்டே இருந்தேன்.

ஒழுங்கை முடிவில் ஒரு சுருவம், மாதா நிற்கிற சின்னக் கூடு. அதைச் சுற்றித் திரும்பினேன். காற்று இப்போது முதுகில். வேகம் கூடிவிட்டது. மணியை அடித்தேன். இரண்டாவது முறை கொட்டிலை நெருங்கும்போது, முப்பத்துநான்கு வருடக் கோவைகளில் ஒருநாளும் எழுதாத ஒரு சொல்லை வாய்விட்டுச் சொன்னேன்.

"பிடியுங்கோ."

நாலு பேரும் வந்தார்கள். சம்மாட்டியார் கதிரையைத் தள்ளிக்கொண்டு முதலில் பாய்ந்தார். ஆர்மோனியக்காரர் கரியரைப் பிடித்தார். தபாலதிபர் என் சட்டையைப் பிடித்தார், அது அவ்வளவு உதவவில்லை. சைக்கிளை உண்மையில் நிறுத்தியவர் வங்கி முகாமையாளர்தான். இளையவர், வயிறு இல்லாதவர், ஓடிவந்து நேரே காண்டிலின் இரண்டு பிடியையும் பற்றினார். தேரில் இருந்து சாமியை இறக்குவது போல என்னை இறக்கினார்கள். நான் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிவைத்து உள்ளே போனேன். தலை சுற்றியது, எங்கேயாவது இருக்க வேண்டும் போல இருந்தது. மற்ற மூவரும் தங்கள் இடத்தில் இருந்துவிட்டார்கள், ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. இருந்தேன்.

இருந்தபின்தான் மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலு இருபத்தொன்று.

வங்கி முகாமையாளர் என் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தார். என்னைப் பார்த்தார். சுவரில் தொங்கிய தாளுக்குப் போய், கண்ணாடியைப் போட்டு ஏழாம் பந்தியை முழுவதும் வாசித்தார். வங்கியில் இருந்தவர், எழுத்தை மதிக்கிறவர்.

"சேர், இது வேணுமெண்டு செய்தனீங்களோ?"

"நிக்கத் தெரிஞ்சிருந்தால் நாலு பதினேழுக்கே நிண்டிருப்பன்" என்றேன்.

சம்மாட்டியார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தோள் குலுங்கியது. முதலில் வாய்விட்டுச் சிரித்தது வங்கி முகாமையாளர்தான். மீன்பெட்டியில் போய் இருந்துகொண்டு, அந்தப் பெடலில் கட்டியிருக்கிற கயிறு எங்கே எடுத்தது என்று கேட்டார்.

அவர் விட்டுப் போன சீட்டு மேசையில் குப்புறக் கிடந்தது. கதிரையை ஏற்றவன் சீட்டையும் ஏற்க வேண்டும், அது எட்டாம் பந்தி. எடுத்துப் பார்த்தேன். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு, இத்தனை புள்ளி எடுப்போம் என்று மனிதர் பெரிய கேள்வி ஒன்று கேட்டிருந்தார். தோற்றோம். அடுத்ததும் தோற்றோம், கவிழ்த்து மறைத்து வைக்க வேண்டிய துரும்பைத் தவறுதலாகக் காட்டிவிட்டேன். தேத்தண்ணி ஊற்றியது நானும் சம்மாட்டியாரும். ஐந்து கோப்பை ஊற்றினோம்.

ஆறு மணிக்கு நாலு பேருமாகப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். திரும்பி வரும்போது காற்றே கொண்டுவந்து விட்டது. மனைவி கேற்றடியில் நின்று பிடித்தாள். பத்துக்கு எத்தனை என்று கேட்டேன். கதிரை கிடைத்ததா என்று கேட்டாள். கிடைத்தது என்றேன். அப்படியென்றால் எட்டு, இறங்கத் தெரியாததற்கு இரண்டு வெட்டு என்றாள்.

மறுநாள் வங்கி முகாமையாளர் ஒரு வேண்டுகோள் வைத்தார். ஏழாம் பந்தியோடு ஒரு வசனம் சேர்க்க வேண்டுமாம். "சைக்கிளில் வரும் உறுப்பினரைப் பிடிப்பதற்காக எழும்பியவரின் கதிரை வெறுமையானதாகக் கருதப்படலாகாது." மிகவும் நியாயமான திருத்தம். அன்றே எழுதிவிட்டேன், அது வரைவு நிலையில் என் மேசை லாச்சியில் இருக்கிறது. நான் இறங்கப் பழகியதும் சபையில் சமர்ப்பிப்பேன்.